தொழிற்சாலையில் ஈதர்நெட்

உங்கள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கேபிளைச் செருகுகிறீர்கள் அல்லவா, அந்த இணைப்பின் பெயர் ஈதர்நெட். தொழிற்சாலைகளில் மோட்டார், பம்ப், வால்வு ஆகியவற்றை இயக்கும் கன்ட்ரோலர்களை இணைப்பதும் பெரும்பாலும் இதுதான். இணையப் பக்கம் இரண்டு விநாடி தாமதமாக வந்தால் நாம் பொறுத்துக் கொள்வோம். ஓடும் இயந்திரம் பொறுக்காது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் பெரி அணு மின் நிலையத்தில், 2006 ஆகஸ்ட் 19 அன்று மூன்றாவது உலையின் நீரைச் சுழற்றும் இரண்டு பம்ப்களும் நின்றுவிட்டன. ஊழியர்கள் உலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிக் குவிந்த தகவல்களால் பம்ப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள் செயலிழந்ததே காரணம் என்று அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் தெரிவித்தது.

தகவல் குவிந்தால் கன்ட்ரோலர் ஏன் திணற வேண்டும்? ஈதர்நெட்டில் தகவல்கள் சிறு சிறு பாக்கெட்டுகளாகச் செல்லும். இவற்றில் பிராட்காஸ்ட் என்று ஒரு வகை உண்டு. ஊர் முழுக்கத் தண்டோரா போடுவது போல, ஸ்விட்ச் இதை எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிவிடும். தனக்குத் தேவையோ இல்லையோ, ஒவ்வொரு கருவியும் அதை வாங்கிப் பார்த்தாக வேண்டும். நம் கம்ப்யூட்டருக்கு இது பெரிய வேலையே இல்லை. கன்ட்ரோலரில் இருப்பதோ சிறிய பிராசசர்; தண்டோராவைக் கேட்கவே நேரம் போய்விட்டால் பம்ப்பை யார் கவனிப்பது?

எனவே முக்கியமான கன்ட்ரோலர்களைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வீலேன் வசதி இதற்கு உதவும். பிரவுன்ஸ் பெரியில், கன்ட்ரோலர்களுக்கு வரும் தகவல்களைக் கட்டுப்படுத்த அவற்றின் முன் ஃபயர்வால் கருவிகளை அமைத்தார்கள்.

அடுத்து, கேபிள் அறுந்தால்? ஸ்விட்ச்சுகளை வளையமாக இணைப்பார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழி இருக்கும். ஆனால் வெறும் வளையம் ஆபத்து. பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் அதற்குள் முடிவில்லாமல் சுற்றிப் பெருகும். அதனால் வளையத்தில் ஓரிடத்தை அடைத்து வைத்து, கேபிள் அறுந்தால் மட்டும் திறக்கும் ஏற்பாடு தேவை. பழைய ஸ்பானிங் ட்ரீ முறை இதற்கு 30 முதல் 50 விநாடி எடுக்கும், இயந்திரங்களுக்கு உதவாது. தொழிற்சாலைகளுக்கென்றே உருவான எம்ஆர்பி முறையில், 50 ஸ்விட்ச் உள்ள வளையம்கூட 200 மில்லி விநாடிக்குள் மீண்டுவிடும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்விட்ச்சுகளில் இந்த வசதிகள் பெரும்பாலும் இருக்காது. வீட்டிலும் ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடாதீர்கள். வீட்டு நெட்வொர்க் முழுவதும் ஸ்தம்பித்துவிடும்.