உள்ளங்காலுக்கு நாளொரு படம்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கட்டுப்போடும் அறைக்கு ஓர் இளம்பெண் தம் தந்தையை அழைத்து வந்தார். தந்தைக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரு பாதங்களும் மரத்துப்போயிருந்தன என்பது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. நாள்தோறும் பாதத்தைப் படம் எடுத்து வருமாறு நாங்கள் கூறியிருந்தோம். மகளும் ஒரு நாள் தவறாமல் எடுத்திருந்தார். செல்பேசியில் பதினொரு படங்கள் இருந்தன. அன்று வலது பெருவிரலின் அடியில் சீழ் கோத்துத் தோல் கறுத்திருந்தது. படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினோம். நான்காம் நாள் படத்தில், தடித்த தோலுக்கு அடியில், கடுகளவில் ஒரு கரும்புள்ளி இருந்தது. ஏழாம் நாள் அது மிளகளவாயிற்று. ஒன்பதாம் நாள் அதனைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தது. படங்கள் எடுக்கப்பட்டனவே தவிர, எவரும் அவற்றைப் பார்க்கவில்லை. விரலின் நுனியை அப்பெரியவர் இழந்தார்.

பிழை அப்பெண்ணுடையதன்று. படம் எடுங்கள் என்று சொன்ன நாங்கள், எடுத்ததை முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முள் தைத்தால் நாம் காலை உதறுகிறோம். செருப்புக்குள் கல் புகுந்தால் நின்று தட்டுகிறோம். எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை, வலி செய்விக்கிறது. சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் அந்தக் காவலாள் இல்லை. கல்லின் மேல் காலை வைத்தவர் மாலைவரை அதன் மேலேயே நடக்கிறார். வரப்பிலும் பாறையிலும் வெறுங்காலோடு நடந்து பழகிய நம் மலைமக்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் மருத்துவர் பால் பிராண்டு. 1914-இல் நம் மலையைப் போன்றதே ஆன கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோய் கண்டவரின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. உணர்ச்சியற்ற கையும் காலும் அன்றாட வேலையில் படும் காயங்கள், வலி இல்லாமையால் கவனிக்கப்படாமல் போவதே அந்த அழிவுக்குப் பெருங்காரணம் என்று அவர் நிறுவினார். அதிலிருந்து பிறந்த அறிவுரை மிக எளியது: உணராத உறுப்பைக் கண்ணால் நாள்தோறும் பார்க்க வேண்டும். கண்ணாடி வைத்துப் பார்ப்பது பழைய முறை. இன்றும் நல்ல முறையே. ஆயினும் கண்ணாடி நேற்றைய பாதத்தைக் காட்டாது. செல்பேசி காட்டும்.

நேற்றையதும் இன்றையதும் அருகருகே இருப்பதன் பயனை அறிய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. கணித மேதையின் நினைவாக அதற்கு இராமானுசன் என்று பெயரிட்டனர். சிறுகோள் ஒன்றைத் தனியொரு படத்தில் இனம்காண்பது அரிது. ஆயிரம் விண்மீன் புள்ளிகளுக்கு நடுவே அதுவும் ஒரு புள்ளி. வானத்தின் அதே பகுதியை இடைவெளி விட்டு மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டால், விண்மீன்கள் இருந்த இடத்தில் இருக்க, இது மட்டும் நகர்ந்திருக்கும். கொடைக்கானல் வானாய்வகமோ 1904 முதல், வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. அப்படங்களின் மதிப்பு, ஒரு நாளின் படத்தை மற்றொரு நாளின் படத்தோடு ஒப்பிட முடிகிறது என்பதில் இருக்கிறது. ஒப்பிட முடிய வேண்டுமானால் ஒரே முறையில் எடுத்திருக்க வேண்டும். பாதத்துக்கும் விதி அதுவே.

எனவே இடமும் நேரமும் மாறாதிருக்கட்டும். காலையில் கால் கழுவித் துடைத்தபின், வெயில் நேரே விழாத சன்னலோரமோ திண்ணையோ ஏற்றது. ஃபிளாஷ் விளக்கு வேண்டாம். அது தோலில் வெள்ளைப் பளபளப்பை உண்டாக்கி, எது ஈரம், எது மினுக்கம் என்று பிரித்தறிய முடியாமல் செய்துவிடும். முகத்தை அழகாக்கிக் காட்டும் வசதிகளை அணைத்துவிட வேண்டும். அவை வெடிப்பையும் புள்ளியையும் மெழுகிவிடும். காலுக்குக் கீழே விரிக்கும் துணி எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். சிவப்புத் துணி வேண்டா. படத்தில் தோலின் நிறமும் அதற்கேற்ப மாறித் தோன்றக்கூடும். நீலமோ பச்சையோ நன்று. எடுக்கும் முன் செல்பேசியின் வில்லையைத் துடையுங்கள். மங்கலான படங்களுள் பாதி, வில்லையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கால் வருபவை என்பது என் அனுபவம்.

முதலில் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை முழுப்பாதமும் தெரிய ஒரு படம். அடுத்து ஐயத்துக்குரிய இடம் மட்டும் தெரிய ஒரு நெருங்கிய படம். முழுப்பாதப் படம் இல்லாமல் நெருங்கிய படத்தை மட்டும் கொண்டு வருபவர் பலர். இது எந்தக் கால், எந்த இடம் என்று சில நாள் கழித்து அவர்களுக்கே தெரிவதில்லை. தேதியையும், இடது அல்லது வலது என்பதையும் ஒரு காகிதத் துண்டில் எழுதிப் பாதத்தின் அருகில் வைத்துவிட்டால் இக்குழப்பம் இல்லை. விரலிடுக்குகளையும் மறக்கலாகாது.

நெருங்கிய படத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். நெருங்க நெருங்கத் தெளிவு கூடும் என்பது இயல்பான எண்ணம். செல்பேசியின் முதன்மைக் காமிராவில் நடப்பது வேறு. பெரும்பாலான செல்பேசிகளில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டருக்குள் சென்றால் படம் கலங்கும். ஒரு சாண் தொலைவில் நின்று எடுத்து, பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதே நலம். மேக்ரோ என்ற பெயரில் தனிச் சிறு காமிரா உள்ள செல்பேசிகளும் உண்டு. விலை குறைந்தவற்றில் அதன் படம் முதன்மைக் காமிராவின் படத்தைவிட நுணுக்கம் குறைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. இவ்வளவு அருகில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. செல்பேசி சற்றே சாய்ந்தாலும் புண்ணின் ஒரு விளிம்பு தெளிய, மறு விளிம்பு மங்கும். உள்ளங்கால் சுவர் என்றால் செல்பேசி அச்சுவருக்கு இணையாக நிற்கும் பலகை என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரையில் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுத் தெளிவு குவிந்தபின், மூச்சை அடக்கி எடுங்கள்.

இதனைப் புண்ணின் மேல் பழகத் தொடங்க வேண்டா. சாமைக் கதிரிலோ, எறும்பு ஊரும் இலையிலோ நான்கைந்து நாள் பழகுங்கள். வீட்டுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களை முந்திவிடுகின்றனர். கதிரின் ஒரு மணியைத் தெளிவாக எடுக்கத் தெரிந்த பிள்ளை, தாத்தாவின் விரலிடுக்கையும் தெளிவாக எடுக்கும். தனித்து வாழ்வோர் செல்பேசியைத் தரையில் சாய்த்து நிறுத்தி, பத்து விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

புண் இருப்பவர்களுக்குச் சில சொற்கள் தனியே சொல்ல வேண்டும். படம் எடுப்பதற்காகக் கட்டை அவிழ்க்கக் கூடாது. கட்டு மாற்றும் நாளில், பழைய கட்டை நீக்கிச் சுத்தம் செய்தபின், புதிய கட்டுக்கு முன் எடுத்தால் போதும். புண்ணைத் தொடுபவர் செல்பேசியைத் தொடலாகாது, வேறொருவர் எடுக்கட்டும். மில்லிமீட்டர் குறித்த காகித அளவுகோல் ஒன்றைப் புண்ணின் மேல் படாமல், அதே மட்டத்தில் அருகில் வையுங்கள்.

அளவுகோல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட புண், 14-க்கு 14 ஆகச் சுருங்கியது என்போம். கண்ணுக்கு அது பெரிய மாற்றமாகத் தோன்றாது. அப்படியேதான் இருக்கிறது என்று வீட்டார் மனம் தளர்வர். 20-ஐ 20-ஆல் பெருக்கினால் 400. 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196. பரப்பில் பாதிக்கு மேல் ஆறிவிட்டது. சர்க்கரை நோயால் வந்த பாதப்புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் ஏறத்தாழப் பாதியாவது குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது வழக்கம். குறையாவிட்டால் இரத்த ஓட்டமோ, கிருமித் தொற்றோ, கால் மேல் விழும் பாரமோ தடையாக இருக்கிறதா என்று ஆராய்ந்து சிகிச்சையை மாற்றுவார். அந்த முடிவுக்கு உங்கள் படங்கள் பெரிதும் உதவும்.

இனி, பார்ப்பது. மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இன்றைய படத்தையும் நேற்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வாரம் ஒருமுறை, முதல் நாள் படத்தோடும் ஒப்பிடுங்கள். மெல்ல வளர்வது நேற்றோடு ஒப்பிட்டால் தெரியாது. புதிய வெடிப்பு, கொப்புளம், தடித்த தோலுக்குள் கரும்புள்ளி, இவை உண்டா என்று தேடுங்கள். தடித்த தோலுக்குள் தெரியும் கருமை, உள்ளே இரத்தம் கசிந்ததன் அடையாளமாக இருக்கலாம்; பிளேடால் சீவிப் பார்க்காமல் எங்களிடம் வாருங்கள். சிவந்திருந்தால் கவனிக்க வேண்டும் என்று நூல்கள் கூறும். நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கருமை கூடியிருப்பது, பளபளத்து இழுத்துக்கட்டியது போலிருப்பது, வீக்கத்தால் தோலின் சுருக்கங்கள் மறைந்திருப்பது ஆகியவற்றையே நாம் தேட வேண்டும்.

படம் காட்டாதவையும் உண்டு. சூட்டைக் காட்டாது; நாற்றத்தைக் காட்டாது. எனவே படம் எடுத்த கையோடு இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, ஓரிடம் மட்டும் சுடுகிறதா என்று பாருங்கள். நோயாளியின் கையும் மரத்திருந்தால் வீட்டார் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், பரவும் வீக்கம், கறுத்துப்போன விரல், இவற்றுள் ஒன்று கண்டாலும் நாளைய படத்துக்காகக் காத்திராமல் அன்றே புறப்பட்டு வாருங்கள்.

படங்களை ஊர்க் குழுக்களிலும் உறவினர் குழுக்களிலும் அனுப்புவதைத் தவிருங்கள். அவை நோயாளிக்கு உரியவை. அவர் சம்மதமின்றி எவரும் காண வேண்டியதில்லை. மலையூர்கள் பலவற்றில் அலைவரிசை கிடைப்பதில்லை என்பதை நாங்கள் அறிவோம். அனுப்ப முடியவில்லையே என்று வருந்த வேண்டா. படங்களுக்கெனச் செல்பேசியில் தனிக் கோப்பு ஒன்றை அமைத்து, முறைச் சிகிச்சைக்கு வரும் நாளில் மின்னேற்றிய செல்பேசியையே கையில் கொண்டு வாருங்கள். கட்டுப்போடும் அறையில் நாங்களும் உங்களோடு அமர்ந்து முதல் படத்திலிருந்து பார்க்கிறோம்.