வீட்டு சர்வருக்கு டைனமிக் டிஎன்எஸ்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் தானே எழுந்துவிடும். ஆனால் பழைய ஐபி முகவரியோடுதான் எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முகவரி மாறிவிட்டால், நேற்றுவரை வெளியூரிலிருந்து பார்த்த கேமராவோ என்ஏஎஸ் பெட்டியோ இன்று திறக்காது. மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்ணை மாறாத ஒரு பெயரோடு சேர்த்து வைப்பதுதான் டைனமிக் டிஎன்எஸ். அதன் வேலை அத்தோடு சரி. வழி திறப்பதும் பூட்டுப் போடுவதும் நம் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

1. பொது ஐபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள வான் ஐபியும், 'என் ஐபி என்ன' என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண் தெரிந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் டனல் பக்கம் போங்கள். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

2. சர்வருக்கு வீட்டுக்குள் ஓர் ஐபியை ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் அதைச் செய்யலாம். இல்லாவிட்டால் ஒருநாள் போர்ட் ஃபார்வர்டிங் டிவிக்குப் போய்ச் சேரும்.

3. முகவரியைப் புதுப்பிக்கும் வேலையை எப்போதும் ஓடும் கருவியிடம் கொடுங்கள். ரவுட்டரிலேயே அந்த வசதி இருக்கலாம். இல்லையேல் ராஸ்ப்பெர்ரி பையில் டிடிகிளையன்ட் போதும். டக்டிஎன்எஸ் என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் வரி ஒன்றே போதும். பதிலாக 'ஓகே' வந்தால் சரி. 'கேஓ' வந்தால் டோக்கனையும் பெயரையும் சரிபாருங்கள்.

4. சொந்த டொமைன் என்றால் டிடிஎல்லை, அதாவது பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 60 முதல் 300 விநாடிக்குள் வையுங்கள். ஒருநாள் என்று விட்டால், முகவரி மாறிய பிறகும் பழைய எண்ணே நெடுநேரம் கிடைத்துக்கொண்டிருக்கும்.

5. ஐபிவி6 பயன்படுத்தினால் சர்வரின் முகவரியையே பதியுங்கள், ரவுட்டரின் முகவரியை அல்ல. அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரியும் வேண்டாம். ரவுட்டர் ஃபயர்வாலில் அந்த போர்ட்டுக்கு அனுமதி தர மறக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

1. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிக்காதீர்கள். நாட் லூப்பேக் இல்லாத ரவுட்டரில், வெளியே ஒழுங்காக வேலை செய்வதும் உள்ளே திறக்காது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

2. முழு அதிகாரம் உள்ள ஏபிஐ சாவியை ஸ்கிரிப்ட்டில் எழுதாதீர்கள். கிளவுட்ஃபிளேரில் ஒரே டொமைனின் டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்தும் டோக்கன் உருவாக்கலாம்.

3. வயர்கார்டு விபிஎன்னுக்கான பெயரில் கிளவுட்ஃபிளேரின் ஆரஞ்சு மேகத்தை, அதாவது ப்ராக்ஸியை, விட்டுவைக்காதீர்கள். அந்த ப்ராக்ஸி இணையதளப் போக்குவரத்தை மட்டுமே கடத்தும். யுடிபி 51820 அதில் போகாது.

4. பெயர் யாருக்கும் தெரியாது என்று நம்பாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கிய நிமிடமே அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும்.

5. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கேமராவின் லாகின் பக்கம் ஆகியவற்றை நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். வயர்கார்டு போர்ட் ஒன்றை மட்டும் திறந்து, மற்றதெல்லாம் அதன் வழியே வரட்டும்.

6. கேமராவின் பாஸ்வேர்டைக் கம்பெனி கொடுத்தபடியே விடாதீர்கள். 2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தை முடக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை தடுமாற வைத்த மிராய் பாட்நெட் தாக்குதலுக்கு ஆள்பலம் இப்படி விடப்பட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். அந்த டின், டைனமிக் டிஎன்எஸ் சேவையாலேயே பெயர் பெற்ற நிறுவனம். ஆகவே பெயரைப் பதிவதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.