படுக்கையே பணித்தளம்



நோய் நீங்கினால்தான் சுகமா? நீங்காத நோயோடு படுத்திருப்பவருக்கு ஆண்டவரிடத்தில் சுகம் இல்லையா? மருத்துவ ஊழியத்தைத் தாங்கி நிற்கும் நம் எல்லாருக்கும் எழும் கேள்வி இது. இதற்கு விடை தரும் ஒரு வாழ்க்கையை இம்மாதம் தியானிப்போம்.

நமது புளியங்குடியைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தெற்கே களக்காட்டுக்கு அருகில் இருக்கிறது டோனாவூர். அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆபத்திலிருந்த குழந்தைகளை மீட்டு வளர்த்தார். 1931 அக்டோபர் 24 காலையில், தம்மை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தும்படி ஆண்டவரிடம் தம்மை ஒப்புக்கொடுத்து ஜெபித்தார். அன்று மாலையே, மருந்தகத்துக்காக அமர்த்திய வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குச் சென்றவர், அந்தி இருட்டில் புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சுகத்துக்காக அநேகர் ஜெபித்தும், 1951 ஜனவரி 18 அன்று கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வலியோடு அறைக்குள்ளேயே இருந்தார்.

ஆனால் அவர் ஊழியம் முடியவில்லை. அந்த அறையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். நாம் கற்கும் பாடங்கள் மூன்று.

1. வேதனையை மறைக்க வேண்டியதில்லை. தாவீதும் யோபுவும் தங்கள் புலம்பலைத் தேவனுக்கு முன்பாகவே ஊற்றினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் காயப்படுத்திய சம்பவத்தையும் அதனால் உண்டான உணர்வுகளையும் நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிச் சென்றது குறைந்தது. எழுத்து மருந்துக்கு மாற்று அல்ல. ஆனால் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம்.

2. ஆறுதல் பெற்றவரே ஆறுதல் சொல்ல முடியும். நோயாளிகளுக்கென்று வரும் கைப்பிரதிகள் பெரும்பாலும் சுகமாயிருப்பவர்கள் எழுதியவை என்பதை அம்மையார் படுக்கையில் உணர்ந்தார். ஆகவே நோயாளியாகவே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1933ல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலாயின. முட்செடியில் பூத்த ரோஜா என்பது அதன் பொருள். II கொரிந்தியர் 1:4ல் பவுல் போதிப்பதும் இதுவே.

3. உடல் குணமாகாமலே வாழ்வு அர்த்தம் பெறலாம். அவர் காலையில் செய்த ஜெபத்துக்குப் பதில் வந்தது. எதிர்பார்த்த வழியில் அல்ல. நடக்க முடியாதவரின் எழுத்து, அவர் கால்கள் ஒருபோதும் சென்றிராத தேசங்களுக்குச் சென்றது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெடுநாள் படுத்திருப்பவர் உண்டா? பழங்களோடு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். எழுதத் தெரியாதவரானால் அருகில் உட்கார்ந்து, அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். அவசரப்பட்டுப் புத்தி சொல்ல வேண்டாம். முடிவில், "இதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். தன்னால் இனி யாருக்கும் பயனில்லை என்று எண்ணியிருந்தவருக்கு, அந்தக் கேள்வியே ஒரு புதிய ஊழியத்தின் அழைப்பாகலாம்.

ஆறுதலின் தேவன் உங்களையும், நீங்கள் தாங்கும் நோயாளிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.