குற்றப் பதிவு நீக்கம்: தாமதமாகும் மறுவாய்ப்பு

சென்ற ஆண்டு எங்கள் தாமானில் வசிக்கும் அண்ணன் ஒருவருக்கு வேலை விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவினேன். பெயர், முகவரி, கல்வி என்று மளமளவென எழுதிக்கொண்டு வந்தேன். ‘இதற்கு முன் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்வி வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் பேசவில்லை. 19 வயதில் ஒரு கைப்பேசியைத் திருடி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர் அவர். இப்போது வயது 32. “தம்பி, இது எப்பதான் அழியும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பதிவு நீக்கம் என்றால் என்ன?

தண்டனையை முடித்துத் திருந்தி வாழும் ஒருவருக்கு, அவருடைய பழைய குற்றப் பதிவு வேலைக்கும் வீட்டுக்கும் கல்விக்கும் தடையாக இருக்கக்கூடாது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. நாட்டுக்கு நாடு முறை வேறுபடும். சில இடங்களில் நீதிமன்றம் பழைய தீர்ப்பையே ஒதுக்கி வைக்கிறது. சில இடங்களில் பதிவு பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் குறிப்பிட்ட காலம் கடந்ததும் பதிவு காலாவதியானதாகக் கருதப்படுகிறது.

சட்டம் மன்னிக்க முன்வந்தாலும், அந்த மன்னிப்பு உரியவரின் கைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முன்பு பதிவை நீக்க விரும்பியவர் முதலில் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறகு தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை நீதிமன்றத்தில் பெற வேண்டும். கைரேகை பதிய வேண்டும். 50 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். விண்ணப்பத்தின் படிகளை அரசுத் தரப்புக்கு அனுப்ப வேண்டும். இறுதியாக நீதிபதியின் முன் விசாரணைக்கு நிற்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நீதிபதி இசைந்த பின்னும் வேலை முடிவதில்லை. பழைய நகலை வாங்கி வைத்திருக்கும் தனியார் பின்னணிச் சோதனை நிறுவனங்கள் தங்கள் ஏடுகளைத் திருத்தும் வரை, அந்தப் பெயர் அங்கே கறையோடுதான் இருக்கும்.

ஜே.ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் ஆகிய இரு சட்டப் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்து 2020-இல் ஹார்வர்டு சட்ட இதழில் வெளியிட்டார்கள். தகுதி பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவு நீக்கம் பெற்றோர் வெறும் 6.5 விழுக்காட்டினரே. பெற்றவர்களின் ஊதியமோ ஓராண்டுக்குள் சராசரியாக 20 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. கதவு திறந்திருந்தும் நூற்றில் தொண்ணூற்று மூவர் வெளியே நின்றார்கள் என்றால், குறை அவர்களிடம் மட்டும் இருக்க முடியாது.

கேட்காமலே நீங்கும் பதிவு

இதற்கு மாற்றாக, விண்ணப்பமின்றிக் கணினி வழியே பதிவை மறைக்கும் சட்டத்தைப் பென்சில்வேனியா 2018-இல் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதலாவது. மிச்சிகனிலும் 11 ஏப்ரல் 2023 முதல், தகுதியுடைய சிறு குற்றங்கள் 7 ஆண்டுகளுக்குப் பிறகும் பெருங்குற்றங்கள் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் தாமாகவே நீங்குகின்றன.

ஆனால், இதிலும் தாமதம் உண்டு. நியூயார்க் மாநிலம் 2023-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024 நவம்பரில். பழைய பதிவுகளைத் தேடி மறைக்கும் அமைப்பை உருவாக்க நீதிமன்றங்களுக்கு 2027 நவம்பர் வரை அவகாசம் தரப்பட்டது. அரசுக்கு மூன்றாண்டு என்பது ஒரு நிர்வாகக் கணக்கு. வேலை தேடும் ஓர் இளைஞனுக்கோ அது வாழ்க்கையின் முக்கியமான மூன்றாண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2005 முதலே இத்தகைய ஏற்பாடு இருக்கிறது. மூன்று மாதத்திற்கு மேற்படாத சிறைத் தண்டனையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்ற ஒருவர், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அவருடைய பதிவு தானாகவே காலாவதியாகும். கடுமையான குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்களுக்கும் இது பொருந்தாது. தகுதி பெற்றவர் தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சொல்லலாம். அவர் எந்த முகப்பிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நாம் அறிய வேண்டியது

மலேசியாவில் குற்றவாளிகளின் பதிவுக்கு அடிப்படையாக இருப்பது 1969-ஆம் ஆண்டின் சட்டம் 7. பதிவான பிறகு வருந்துவதைவிட, பதிவாகும் முன்பே விழித்துக்கொள்வது நமக்கு நல்லது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173அ பிரிவு இங்கே கவனிக்கத்தக்கது. குற்றம் சாட்டப்பட்டவரின் வயது, முன்நடத்தை, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் கருதி, குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலே அவரை எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க அது நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. பிணைக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. கடுமையான குற்றங்களுக்கு இப்பிரிவு உதவாது. 18 வயதுக்குட்பட்டோருக்கு 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லாத குடிமக்களுக்கு, 2011-இல் நிறுவப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

இவற்றை அண்ணனிடம் சொன்னேன். “அன்னிக்குக் கோர்ட்ல ஒப்புக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன்” என்றார். அன்று அரை மணி நேரத்தில் முடிந்த வழக்கு, பதின்மூன்று ஆண்டுகளாக அவரைப் பின்தொடர்கிறது. வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்று அன்று அவரிடம் சொல்ல ஆளில்லை.

பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நாம், நம் தாமானிலும் தோட்டத்திலும் உள்ள தம்பிமார்களுக்கு அதைச் சொல்லும் ஆளாக இருக்கலாம். திருந்தியவனை நம்பும் சட்டம் நல்ல சட்டம்தான். அந்த நம்பிக்கை காலத்தோடு வந்து சேர்ந்தால்தான் அவன் வாழ முடியும்.