‘ஓரிரு இடங்களில்’ என்றால் நம்ம இடமும்தான்!



முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அனுமந்தையில் எங்கள் பூர்வீகக் கொல்லைக்குத் திரும்பியவன் நான். கிழக்கே கடல், வடக்கே மரக்காணம் உப்பளம். நடுவே எங்கள் மணல் பூமியில் மல்லாட்டை, தர்பூசணி, சவுக்கு, கொஞ்சம் நெல். மூடாக்கு, பஞ்சகவ்யம் பற்றியெல்லாம் இந்த இதழில் அனுபவசாலிகள் எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது வானிலை அறிக்கையை வாசிப்பது பற்றி. அதை நான் கற்றுக்கொண்டது அடுத்தவர் நஷ்டத்தில்.

ஊருக்கு வந்த இரண்டாவது வருஷம், ஐப்பசி பிறந்த நேரம். பக்கத்துக் கொல்லை அம்மா அறுபது சென்ட் மல்லாட்டை முற்றி நின்றது. “சார், நீங்க படிச்சவங்க. போன்ல என்ன போட்டிருக்கான்? நாளைக்குப் புடுங்கலாமா?” என்று கேட்டார். செல்போனைப் பார்த்தேன். ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்றிருந்தது. “ஓரிரு இடம்தாம்மா. எங்கயோ பெய்யும். தைரியமா புடுங்குங்க” என்றேன்.

கொடியோடு பிடுங்கிக் கொல்லையிலேயே குவித்திருந்தார்கள். அன்று ராத்திரி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பாதிக் காய் கறுத்துப் பூசணம் பிடித்தது, மீதியில் முளை விட்டது. விதைக்கு எடுத்து வைக்க நினைத்த காயும் அதில் போயிற்று. அந்தம்மா சண்டை போடவில்லை. “நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் புடுங்கினேன்” என்று மட்டும் சொன்னார். கடன் விண்ணப்பத்தில் ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பியவன் நான். ஒரு அறிக்கையின் இரண்டு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

எங்கே, எவ்வளவு, எப்போது

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். மார்ச் 23 உலக வானிலை தினம். அன்று சென்னை நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தில் பொதுமக்களும் மாணவர்களும் கருவிகளைப் பார்க்கலாம், அதிகாரிகளிடம் கேள்வி கேட்கலாம். இந்திய வானிலைச் சங்கத்தின் சென்னைக் கிளையும் சொற்பொழிவுகள் நடத்துகிறது. கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதினேன். அதன் சாரம் இது.

ஒவ்வொரு அறிக்கையிலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கும். முதல் கேள்வி, எங்கே? ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெறும் என்று பொருள். ‘ஒருசில இடங்கள்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். ‘பல இடங்கள்’ என்றால் 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்கள்’ என்றால் 75க்கு மேல். ஆக, இந்தச் சொல் பரப்பளவைச் சொல்கிறது. மழையின் கனத்தைச் சொல்லவில்லை. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

இரண்டாவது, எவ்வளவு? 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை பெய்தால் லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேலே போனால் அதி கனமழை. எனவே ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்பதை இப்படித்தான் வாசிக்க வேண்டும்: எல்லா ஊரிலும் பெய்யாது, பெய்கிற ஊரில் ஆறரை சென்டிமீட்டருக்குக் குறையாது. நம்ம ஊர் எதில் சேரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிடுங்கின மல்லாட்டை வெட்டவெளியில் கிடக்கிறவருக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்தே பெரிய ஆபத்துதான்.

மூன்றாவது, எப்போது? மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. டிசம்பர் 1ஆம் தேதி மழை என்று பேப்பரில் வந்தால், அதில் பெரும்பகுதி நவம்பர் 30ஆம் தேதி பெய்தது.

நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் கவனமாயிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே செயல்படு.

மழைக்கு ஒரு பாஸ்புக்

“ரெண்டு உழவு மழை” என்று நம் பெரியவர்கள் சொல்வது நல்ல அளவுதான். ஆனால் அறிக்கை மி.மீ. கணக்கில் பேசுகிறது. இரண்டையும் இணைக்க ஒரு டப்பா போதும். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கும் டப்பாவாகப் பாருங்கள். மரமும் கூரையும் இல்லாத திறந்த இடத்தில் அசையாமல் வையுங்கள். தினம் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு நீரின் உயரத்தைப் பார்த்து, எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்குச் சுமார் 4,047 லிட்டர். நோட்டில் தேதி, அளவு, மண்ணின் ஈரம் மூன்றையும் எழுதி வந்தால் இரண்டே வருஷத்தில் உங்கள் கொல்லைக்கு எத்தனை மி.மீ. ஒரு உழவு மழை என்று உங்களுக்கே பிடிபடும். என் மணலும் உங்கள் களிமண்ணும் இதில் ஒன்றல்ல. பஞ்சகவ்யம் தெளிப்பதா, ஜீவாமிர்தம் விடுவதா, விதைப்பைத் தள்ளிப்போடுவதா என்ற முடிவுகளுக்கெல்லாம் இந்த பாஸ்புக்தான் ஆதாரம்.

காற்றுக்கு முதுகு காட்டுங்கள்

கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கும்போது, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அதன் மையம் உங்கள் இடது கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். நம் பாதி உலகத்தில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வதால் இப்படி. வடக்கேயிருந்து வாடை அடித்தால் தெற்கே பார்த்து நிற்பீர்கள். இடது கை கடலைக் காட்டும். மையம் இன்னும் கடலில்தான். அது நமக்குத் தெற்கே கரையேறினால் காற்று கிழக்குப் பக்கமாகத் திரும்பும். வடக்கே கரையேறினால் மேற்குப் பக்கமாகத் திரும்பும். மையமே தலைக்கு மேல் வந்தால் காற்று நின்றுபோகும். புயல் முடிந்தது என்று யாரும் வெளியே வரக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திருப்பி அடிக்கும். தினமும் மதியம் வரும் கடல்காற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது ஒரு உப்பளத்துப் பெரியவர் சிரித்தார். “இத நாங்க கொண்டலு, கச்சான்னு சொல்லிட்டுத்தான இருக்கோம்” என்றார். உண்மைதான். கடலோரக்காரர்களிடம் பாதி வானிலைப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அறிக்கையின் பாஷைதான் மீதி.

ஃபெஞ்சல் நடத்திய தேர்வு

2024 ஆவணியில் கோயில் மண்டபத்தில் முதல் வகுப்பு நடத்தினோம். கார்த்திகையில் தேர்வு வந்துவிட்டது. புயலாகாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று முதலில் ஒரு கணிப்பு வந்தது. நவம்பர் 29 பிற்பகலில் அதுவே ஃபெஞ்சல் புயலானது. 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. காற்றைவிட அது நின்ற நிலைதான் நம்மைக் கெடுத்தது. நகராத புயல் ஒரே இடத்தில் கொட்டும். நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 20 லட்சம் லிட்டருக்கு மேல்!

எங்கள் நெல் முழுகியது, தப்பவில்லை. வகுப்பு நடத்தினால் மழை நின்றுவிடாது. ஆனால் காலையில் கேட்ட அறிக்கையை மாலையில் மறுபடி பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டியிருந்தோம். விதை மூட்டை பரண்மேல் இருந்தது. வடிகால் வாயை வெட்டிவிட்டிருந்தோம்.

ஊருக்கு ஒரு வகுப்பு

பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த எச்சரிக்கையை அந்த மையத்து ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஊரே உயிர் தப்பியது. கருவி சின்னதுதான். அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய காதுகள்தான் பெரிசு.

2024இல் நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை மூடிவிட்டார்கள். நம் மாவட்டத்துக்கு ஏற்ற ஆலோசனையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அந்தக் கோரிக்கையை விடக்கூடாது. அதே சமயம், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைக் கூடி வாசிக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

புரட்டாசிக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ கல்லூரி ஆசிரியரையோ கூப்பிடுங்கள். உங்கள் ஊர் மீனவர், உப்பளத் தொழிலாளர், பள்ளிப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஒரு பழைய அறிக்கையை வரி வரியாக வாசித்து, “இதுக்கு நம்ம கொல்லையில் என்ன செய்வோம்?” என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதுதான் பாடம்.

போன ஐப்பசியில் பக்கத்துக் கொல்லை அம்மா மறுபடி மல்லாட்டை போட்டிருந்தார். அறிக்கை வந்ததும் நானே போய்ச் சொன்னேன், “ஓரிரு இடங்களில் கனமழையாம்மா.” அவர் தன் மழை நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்த ஓரிரு இடத்துல நம்ம இடமும் இருக்கலாம்ல சார்? ரெண்டு நாள் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்.”

அந்த ரெண்டு நாளும் பெரிசாக மழை இல்லை. ஆனாலும் அவர் எடுத்த முடிவு சரியானதுதான்.