கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?

மன்னார்க் கரையோர மீன் வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய விடயமல்ல. படகுக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். வேறொருவர் கூடுதல் விலை தந்தாலும், முற்பணத்தைத் திருப்பிக் கட்டாமல் மாற முடியாது. வாங்கும் நாளில் அது உதவியாகவே தெரியும். கட்டு விளங்குவது விலகப் பார்க்கும் நாளில்தான்.

கணினிச் சேவையிலும் இதே கட்டு உண்டு. நறுவிலிக்குளத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், வெளியூர்க் கடைகளின் ஓடர்களைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் எடுக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். செயலி அவர் கையில் இருந்தாலும் வாடிக்கையாளர் பட்டியல், கடன் கணக்கு, கடவுச்சொற்கள் யாவும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் சேர்வரில் இருக்கும். கூகுளின் பயர்பேஸ் இத்தகைய சேவையே. சொந்தமாகச் சேர்வர் வாங்கத் தேவையில்லை, தொடக்கச் செலவும் சொற்பம். சிறு வியாபாரிக்கு இது பெரிய வசதி. ஆனால் பிறகு வேறிடம் மாற முடியுமா என்பதே கேள்வி.

'பார்ஸ்' என்ற சேவையின் கதை இதற்கு நல்ல பாடம். 2013இல் பேஸ்புக் அதனை வாங்கியது. பெரிய கம்பனியின் கையில் இருக்கிறது என்று பலர் நம்பியிருந்தனர். 2016 ஜனவரியில், ஓராண்டில் சேவை நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. 2017 ஜனவரி 30ஆம் திகதி அது மூடப்பட்டது. அந்தக் கம்பனி ஒரு நன்மையும் செய்தது. தரவுகளை வெளியே எடுக்கும் வழியையும், சொந்தச் சேர்வரில் இயக்கக்கூடிய மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தது. அதனால் பலர் தப்பினர். அப்படியிருந்தும், மாறும் வேலையும் செலவும் வாடிக்கையாளர் தலையிலேயே விழுந்தன.

சேவை மூடப்படாவிட்டாலும் விலை மாறலாம். நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. மாதம் 25 டொலர் கட்டியவரின் 5,000 ரூபா பில் 9,000 ரூபாவானது. மாற வழியில்லாதவர் கேட்டதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே, ஒப்பந்தத்துக்கு முன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. சேவைக் கணக்கும் இணையப் பெயரும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். செயலி செய்து தருபவரின் பெயரில் இருந்தால், அவரோடு பிணக்கு வரும் நாளில் கடையின் சாவி அவரிடமே இருக்கும்.

2. தரவுகளை எந்த வடிவத்தில் வெளியே எடுக்கலாம் என்று கேளுங்கள். எக்செல்லில் திறக்கக்கூடிய வடிவம் நல்லது. கடவுச்சொல் பதிவுகளையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், மாறும் நாளில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் புதிதாகப் பதிய வேண்டிவரும்.

3. பல கம்பனிகளிலும் கிடைக்கும் பொதுவான தரவுத்தளத்தில் அமைந்த சேவையைத் தேடுங்கள். 'சுபாபேஸ்' என்பது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இயங்குவது. விரும்பினால் சொந்தச் சேர்வரிலும் அதனை நிறுவலாம்.

4. கம்பனியின் சேவையோடு பேசும் பகுதியைச் செயலியில் ஓரிடத்தில் மட்டும் தனியாக எழுதுமாறு கூறுங்கள். மாறும்போது அப்பகுதியை மட்டும் திருத்தினால் போதும். செயலியின் மூல நிரலும் உங்களிடம் இருக்க வேண்டும்.

5. மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்து, வேறு கணினியில் திறந்து பாருங்கள். 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கச் சேர்வரிலிருந்து அழிந்துபோனமை நாடெங்கும் பேசப்பட்டது. திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

முழுக்க விடுபட்ட நிலை எதிலும் இல்லை. எல்லாவற்றையும் சொந்தமாக நடத்தப் போனால் அதற்கும் ஆள், நேரம், பணம் வேண்டும். எனவே கட்டை ஏற்பதில் தவறில்லை. அவிழ்க்க எத்தனை நாள், எத்தனை ரூபா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் உங்கள் கடன் கொப்பியை ஒப்படைக்காதீர்கள்.