கப்பல் கேசினோவும் கட்டணச் சலுகையும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை, "அப்பா, ஒரு தடவை கப்பல்ல போய்ட்டு வருவோம்" என்று எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போன் போட்டால் தாராளமாகப் போங்கள். கேசினோவில் ஆடினால் அடுத்த பயணம் இலவசம் என்று யாராவது சொன்னால் மட்டும் பேனாவை எடுங்கள்.

ராயல் கரீபியன் கப்பல்களில் 'கிளப் ராயல்' திட்டம் உண்டு. ஸ்லாட் இயந்திரத்தில் 5 டாலர் சுழற்றினால் 1 புள்ளி. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31க்குள் 2,500 புள்ளி சேர்ந்தால் 'பிரைம்' நிலை; ஆண்டுக்கு ஒரு பயணம், ஜன்னல் இல்லாத உள் அறையில், கட்டணமின்றி. அதற்கு 12,500 டாலர் சுழல வேண்டும். ஜெயித்ததைத் திரும்பப் போட்டாலும் கணக்கில் ஏறும் என்பதால் அத்தனையும் கைக்காசு இல்லை. ஆனால் இயந்திரம் நூற்றுக்கு 8 பிடித்தாலே 1,000 டாலர் போச்சு. சிங்கப்பூரிலிருந்து மூன்று நாலு இரவுப் பயணம், உள் அறையில், பல சமயம் இதைவிட மலிவு! இதற்கா இந்தப் பாடு?

'இலவச'ப் பயணத்திலும் துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் டிப்ஸ் உங்கள் செலவுதான்.

ஆடியே தீருவேன் என்பவர்கள் அறை அட்டையை இயந்திரத்தில் செருக மறக்க வேண்டாம். செருகாவிட்டால் புள்ளி ஏறாது. ரொக்கமாக ஆடுங்கள், அறைக் கணக்கில் எழுதினால் அதற்கும் தனிக் கட்டணம்.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டிலியா கப்பலிலும் கேசினோ உண்டு. ஜெயித்த பணத்துக்கு இந்திய வருமான வரி 30 சதவீதம். தோற்றதை அதில் கழிக்க முடியாது.